இருபதாவது தோட்டா

மார்ச் 3, ஞாயிறு

பனி. சர்ச்சுக்கு மார்லிஸ் மட்டும் போனாள். "ஓரின் எங்கேன்னு கடவுள் கேட்டா என்ன சொல்லட்டும்?" என்று வாசலில் நின்று கேட்டாள். கூடுகளை எடை போட்டுக்கொண்டிருக்கிறான் என்று சொல்லச் சொன்னேன். உலகத்தையே ஆறு நாளில் அவசர அவசரமாக முடித்தவர், அவருக்குப் புரியும்.

இருநூறு பித்தளைக் கூடுகள். சுட்ட பிறகு பொறுக்கி வந்து, கழுவி, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதுத் தொப்பி பொருத்தி, மருந்து நிரப்பி, மேலே குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா. இந்த ஊரில் பாதிப் பேர் இதைக் கொட்டகையில் பீர் குடித்துக்கொண்டே செய்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. இருநூறையும் நிறுத்து ஏழு வகுப்பாகப் பிரித்தேன். முதல் வகுப்பில் தேறியவை முப்பத்தொன்றுதான். ஏழாம் வகுப்பைக் காப்பி டப்பாவில் கொட்டி மேலே 'கழிவு' என்று எழுதி ஒட்டினேன்.

இந்த வருஷம் வாணலி என் வீட்டுக்கு வருகிறது. செப்டம்பரில் நடக்கும் ஆயிரம் கெஜத் துப்பாக்கிச் சூட்டுப் போட்டியில் ஜெயிப்பவருக்கு எங்கள் சங்கம் கொடுக்கும் இரும்பு வாணலி அது. ஆறு வருஷமாக க்ளைட் ஓஸ்ட்பியிடம் இருக்கிறது. அந்தக் கிழவன் அதைச் சுவரில்கூட மாட்டுவதில்லை. அதில் முட்டை பொரிக்கிறான்!

மார்ச் 5

கிளினிக்கில் காலையிலேயே உதவியாளர் ரெனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், பல் கருவி கழுவுற தொட்டியில தோட்டாக் கூடு கிடக்கு."

"தெரியும். நான்தான் போட்டேன்."

"ஒன்பது மணிக்கு ஃபிளெகன் அம்மாவுக்கு வேர் சிகிச்சை இருக்கு."

"அதுக்குள்ள காஞ்சிடும்."

அவள் கருவிகளைப் பற்றிக் கேட்டாளாம். நான் கூடுகளைப் பற்றிச் சொன்னேன். மூன்றே நிமிஷத்தில் உள்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இப்படி ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் வெறும் பல்லைச் சுத்தம் செய்து வீணடித்திருக்கிறேன்.

மார்ச் 21

இன்று ஷெரிஃப் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்தார். ஆறரை அடி உயரம். ஊசியை எடுக்கும் முன்பே கண்ணை இறுக மூடி, நாற்காலிக் கையைப் பிடுங்கிவிடுவது போலப் பிடித்துக்கொண்டார். வலி இன்னும் வரவே இல்லை. வரப்போகிறது என்ற நினைப்புக்கே உடம்பு துள்ளுகிறது. பரிதாபம்.

இதில் எனக்குக் கைராசி உண்டு என்று ஊரே சொல்லும். ஊசியை நோயாளியின் தாடைக்குக் கீழே மறைத்துக் கொண்டுவருவேன். எப்போது வருகிறது என்று தெரியாதவரை யாரும் துள்ளுவதில்லை. முடிந்த பிறகு "போட்டாச்சா?" என்று கேட்பார்கள்.

அவர் வாயைத் திறந்து வைத்திருந்த முக்கால் மணி நேரமும் கூட்டின் கழுத்துத் தடிமனைப் பற்றி விளக்கினேன். ஒரு மறுப்பும் சொல்லவில்லை. நல்ல ரசனையுள்ள மனிதர்.

ஏப்ரல் 6, சனி

இந்த வருஷத்தின் முதல் சூடு. க்ளைட்டின் மேய்ச்சல் நிலம்தான் எங்கள் சங்கத்துக்கு மைதானம். இருபது தோட்டா சுட்டேன். சில கீழே போயின. சில இன்னும் கீழே போயின. ஒன்று இலக்கையே தொடாமல் மண்ணைக் கிளப்பியது.

தொப்பி. சந்தேகமே இல்லை, தொப்பிதான். இந்தப் பெட்டித் தொப்பிகள் சீராகப் பற்றவில்லை.

க்ளைட் தன் பழைய லாரியின் பின்கதவில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னய்யா டாக்டரே, உன் குண்டெல்லாம் கோஃபர் எலி வேட்டைக்குப் போகுதா?"

தொப்பிப் பெட்டி சரியில்லை என்றேன்.

"அட, இருக்கும் இருக்கும்." ரொட்டியை மென்றான். "நீ சுடும்போது என்னத்தப் பாக்குறே?"

இது என்ன கேள்வி? இலக்கைத்தான் பார்க்கிறேன். வேறு எதைப் பார்ப்பார்கள்? அதற்குள் அவனுடைய மாடுகள் மைதானத்தின் குறுக்கே நடக்க ஆரம்பித்துவிட்டன. எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்துவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தோம்.

ஏப்ரல் 7

தொப்பியை மாற்றினேன்.

ஏப்ரல் 20

தொப்பி இல்லை. மருந்து. டப்பா எண்ணைப் பார்த்தேன், போன வருஷத்து டப்பாவுக்கு அடுத்த தொகுதி. நூற்று நாற்பது மைல் ஓட்டிப் போய்ப் பழைய தொகுதியில் இரண்டு டப்பா வாங்கிவந்தேன். மார்லிஸுக்கு வாங்கிவரச் சொன்ன தக்காளி நாற்று மறந்துபோயிற்று.

ஏப்ரல் 27

கீழே.

மே 11, சனி

பயனுள்ள நாள். குண்டை எவ்வளவு ஆழத்துக்குச் செருக வேண்டும் என்று அளந்து பார்க்க ஒரு மாதிரித் தோட்டா செய்தேன். முதல் வகுப்புக் கூடு ஒன்றைத் தியாகம் செய்தேன், மனசு கேட்கவில்லைதான். உள்ளே மருந்து கிடையாது. அடியில் ஏற்கெனவே சுட்டுச் செத்த தொப்பி. வெறும் பொம்மை. ஆனால் என்ன பொம்மை! குண்டு கோயில் கலசம் போல நேராக நிற்கிறது.

அடுத்து, ஈரம். தொப்பியைச் சுற்றி ஈரம் இறங்கித்தான் மருந்து சோம்பிப் போகிறது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நகப் பாலிஷ் தடவினால் அடைத்துக்கொள்ளும். மார்லிஸின் அலமாரியில் மூன்று நிறம் இருந்தது. மூன்றையும் அந்தப் பொம்மையின் அடியில்தான் தடவிப் பார்த்தேன். சிவப்பு ஜெயித்தது. மூன்று பூச்சில் செத்த தொப்பியில் இருந்த பள்ளம்கூட நிரம்பி மட்டமாகிவிட்டது. புதுசு தோற்றுப்போகும்.

மார்லிஸ் மாலையில் கேட்டாள்: "என் சிவப்புப் பாலிஷை யாரு காலி பண்ணினது?"

"தோட்டாவுக்கு."

"கல்யாண நாளுக்கு நான் என்ன போடட்டும்? வெடிமருந்தா?"

கல்யாண நாள் இன்றுதானாம்.

மே 26, ஞாயிறு

முக்கியமான வேலை நடக்கும்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் பேச வேண்டியிருக்கிறது. மருந்தை இடுக்கியால் ஒவ்வொரு குருணையாகத் தராசில் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழாயிரம் கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு குருணை, கிரெயினில் ஐம்பதில் ஒரு பங்கு. எண்ணிக்கை விட்டால் முதலிலிருந்து போக வேண்டும்.

மார்லிஸ் வந்து கதவில் சாய்ந்துகொண்டு பேசினாள். நெடுநேரம் பேசினாள். எங்கள் மகள் ஜோலினைப் பற்றி ஏதோ. ஸ்போகேனில் இருந்து அவள் போன் பண்ணினாளாம். அவளோடு இருக்கும் அந்தப் பையன் ஏதோ. நவம்பர் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. பதினாலு, பதினைந்து, பதினாறு. தலையாட்டினேன்.

"உனக்குச் சந்தோஷம்தானே ஓரின்?"

"ரொம்ப," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நவம்பரில் வரும் நன்றி செலுத்தும் பண்டிகைக்கு ஜோலின் வருகிறாள் போல. வரட்டும். நாற்பது தோட்டா முடிந்தது, ஒரு குருணை பிசகில்லை.

ஜூன் 9, ஞாயிறு

குண்டு போட்டுவிட்டாள். நான் அல்ல, மார்லிஸ்.

"இந்த ரூம் எனக்கு வேணும். அக்டோபருக்குள்ள."

இந்த அறையா? மேஜையைத் தரையோடு திருகி, தராசுக்குக் கீழே கருங்கல் பலகை வைத்து, வெயில் படாமல் ஜன்னலை அடைத்து, ஒன்பது வருஷமாக ஒரு கோவிலைப் போல வைத்திருக்கும் அறை. எதற்கு என்றேன்.

"எதுக்கா? என்ன ஓரின், எதுக்குன்னு கேக்குறே? சொன்னதுதானே!"

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் ஒன்று கற்றிருக்கிறேன். 'சொன்னதுதானே' என்ற பிறகு 'என்ன சொன்னாய்' என்று கேட்பவன் முட்டாள். "ஆமா ஆமா" என்றேன். சர்ச்சுப் பெண்கள் மெத்தை விரிப்புத் தைக்க இடம் தேடுகிறார்கள், அதற்காகத்தான் இருக்கும்.

யோசித்து ஒரு வழி சொன்னேன். செப்டம்பர் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அறை எனக்கு, தையல் கோஷ்டிக்கு நான் கொட்டகையில் ஒரு தடுப்பு கட்டிக்கொடுத்துவிடுவேன். இல்லையென்றால் நானே மேஜையைக் கழற்றி காரேஜுக்குக் கொண்டுபோகிறேன்.

"நீ முதல் மூணுக்குள்ள வந்தா," என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னாள்.

"ஆமா."

"கை குடு."

ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் திறமையில் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாளே என்று எனக்கே பெருமையாகிவிட்டது.

ஜூன் 10

காரேஜில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். பகலில் நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி இறங்குகிறது. அங்கே தராசு அரை மணி நேரம்கூட ஒரு சொல்லில் நிற்காது. குளிர்காலத்தில் விரலும் நிற்காது. தோற்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 30

அவமானம். போன வாரம் க்ளைட் பல் காட்ட வந்தபோது என் கழிவு டப்பாவைக் கேட்டான். தூக்கித்தானே போடப்போகிறாய் என்றான். கொடுத்தேன். இன்று அந்தக் கூடுகளில் தோட்டா செய்து கொண்டுவந்திருக்கிறான். மருந்தை எப்படி அளந்தாய் என்று கேட்டேன். பித்தளைக் கரண்டி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். கரண்டி! அதன் பிடியில் நாய் முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்துக்கு ஒன்பது நடுவட்டத்தில் போட்டான்.

"ஏழாம் வகுப்புப் பசங்க நல்லாத்தான் படிக்கிறானுங்க டாக்டரே," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸும் சிரித்தாள். காப்பி ஊற்றத்தான் வந்திருந்தாள், சிரிக்க வரவில்லை.

என்னுடையவை? எழுதப்போவதில்லை.

ஜூலை 18

மேஜையை ஒழுங்கு செய்தேன். அடியில் சிவப்புப் பூச்சு உள்ள தோட்டாக்களையெல்லாம் திரட்டி ஒரே தட்டில் அடுக்கினேன். ஒழுங்கு இருக்கும் இடத்தில்தான் துல்லியம் இருக்கும்.

ஆகஸ்ட் 4

ஈரம் அல்ல. வெயில். தோட்டாக்களைக் குளிர்பெட்டியில் வைத்து மைதானத்துக்குக் கொண்டுபோனேன். மார்லிஸ் உருளைக்கிழங்கு சாலட் என்று நினைத்துப் பெட்டியைச் சங்கத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டாள். பெட்டியைத் திறந்து பார்த்த பெண்மணி ஒருத்தர் எனக்காக ஜெபம் செய்வதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 17

கீழே. கீழே. கீழே.

கிளினிக்கில் புலம்பிக்கொண்டிருந்தபோது ரெனே கேட்டாள்: "டாக்டர், நீங்க சுடும்போது கண்ணைத் திறந்து வச்சிருப்பீங்களா?"

இவள் துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. "பின்னே, மூடிக்கிட்டா சுடுவாங்க?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

பூமியின் சுழற்சியைக் கணக்கில் சேர்த்தேனா? இல்லை. அதுதான்.

செப்டம்பர் 12, வியாழன்

நாளை மறுநாள் போட்டி. அறையில் கடைசி வேலை. எடை எல்லாம் முன்பே முடிந்தது, இன்று நேர் பார்ப்பது மட்டும். ஒவ்வொரு தோட்டாவையும் ஊசிமானியில் வைத்து உருட்டினேன். குண்டு துளி சாய்ந்திருந்தாலும் ஊசி ஆடும். நல்ல தோட்டா என்றால் ஒரு கோடு ஆடும். சுமாரானது இரண்டு, மூன்று.

தட்டின் மூலையில் இருந்த ஒன்றை எடுத்து உருட்டினேன். ஊசி ஆடவே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி உருட்டினேன். ஆடவில்லை. மானி கெட்டுப்போயிற்றோ என்று வேறு ஒன்றை வைத்தேன், ஆடியது. மறுபடி அதை வைத்தேன். சிலை.

ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு தோட்டாவை நான் செய்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. மார்லிஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகா இருக்கு. என் பாலிஷ்," என்றாள்.

பெட்டியில் கடைசிக் குழியில் வைத்தேன். இருபதாவது சூடு. முடிவைத் தீர்மானிப்பது எப்போதும் கடைசிச் சூடுதான். முன்னோட்டத்துக்கு இரண்டு, கணக்குக்கு இருபது. உபரி எதற்கு? நம்பிக்கை இல்லாதவர்கள் எடுத்துப்போகட்டும்.

செப்டம்பர் 14, சனி

எழுதுகிறேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் நல்ல காற்று. இடமிருந்து வலம், நடுநடுவே திரும்பி எதிராக. எல்லோருடைய கணக்கும் அடிவாங்கியது. க்ளைட் நூற்று எண்பத்து நாலு. தபால் நிலையத்து வாண்டா நூற்று எழுபத்தொன்று. மூன்றாவது இடத்தில் ஒரு நூற்று அறுபத்து மூன்று. நான் கடைசி வரிசையில் படுத்தேன். பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் புள்ளி எழுத வந்தது யார்? க்ளைட். சீட்டில் அப்படி விழுந்தது.

நேரம் இருபத்திரண்டு நிமிஷம். நான் அவசரப்படவில்லை. காற்று தணியும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாகச் சுட்டேன். பத்தொன்பது முடிந்தபோது நூற்று ஐம்பத்தாறு. எட்டுப் புள்ளி வேண்டும். எட்டு! அறை என்னுடையது. மற்றவர்கள் எல்லாம் சுட்டு முடித்துவிட்டார்கள். நாற்பது பேரும் என் பின்னால் நிற்கிறார்கள். மார்லிஸ் காப்பிக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இருபதாவதை உள்ளே போட்டேன். மூச்சை விட்டேன். விசையை அழுத்தினேன்.

டிக்.

வெடிக்கல. ஆனா நான் — நான் என்ன பண்ணினேன்? துப்பாக்கியோட மூக்கு தரையில குத்துற அளவுக்குத் தாழ்ந்துபோச்சு. தோள் முன்னால பாஞ்சுது. ஒரு கால் தூக்கிக்கிச்சு. தொண்டையிலேர்ந்து 'ஹக்'னு ஒரு சத்தம் வேற. கண்ணு? கண்ணு மூடியிருந்துது. இறுக்கி. அந்த ஷெரிஃப் ஆபீஸ் ஆள் மாதிரி. திறந்து பாத்தப்பதான் மூடியிருந்துதுன்னே தெரிஞ்சுது.

துப்பாக்கி உதைத்தால் அந்த உதையில் எல்லாம் மறைந்துவிடும். இன்று உதைக்க எதுவும் இல்லை. நாற்பது பேரும் பார்த்தார்கள்.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது, தாமதமாக வெடிக்கலாம். முப்பது வினாடி இலக்கை நோக்கியபடியே படுத்திருக்க வேண்டும். படுத்திருந்தேன். அந்த முப்பது வினாடியில் யாராவது இருமியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். க்ளைட்தான் கடைசியில் வாயைத் திறந்தான், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"டாக்டரே, தோட்டா வெடிக்கல. நீ வெடிச்சே."

பிறகு, "இன்னும் ஒரு நிமிஷம் பத்து வினாடி இருக்கு. இந்தா." சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து நீட்டினான். அதே அளவு. என் கூடு. ஏழாம் வகுப்பு. அடியில் கழிவு என்று நான் போட்ட கீறல்கூட இருந்தது. "போட்டுச் சுடு. கண்ணை மட்டும் திறந்து வை. எட்டு என்ன, பத்தே வரும்."

வாங்கினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பையின் பஞ்சு ஒட்டியிருந்தது. இதன் கழுத்துத் தடிமன் என்ன? யாருக்குத் தெரியும். குண்டு எத்தனை கோடு சாய்ந்திருக்கிறது? தெரியாது. மருந்தோ கரண்டி அளவு.

"சுடுய்யா!"

"இதை அளக்கவே இல்லையே க்ளைட்."

விசில் ஊதிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது மார்லிஸ்தான் ஓட்டினாள். சிரித்திருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

செப்டம்பர் 15

இருபதாவதைத் தராசில் வைத்தேன். மருந்தின் எடை அப்படியே குறைகிறது. மே 11 பக்கத்தைப் புரட்டினேன். 'வெறும் பொம்மை.' என் கையெழுத்து. ஒரு குருணை கூடினால் தூங்காதவன், எல்லாக் குருணையும் இல்லாத ஒன்றை அழகு பார்த்துக் கடைசிக் குழியில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மேஜையைக் கழற்றினேன். பதினாறு திருகாணி. க்ளைட் தூக்க வந்தான். நான் கூப்பிடவில்லை, மார்லிஸ் கூப்பிட்டிருக்கிறாள். மேஜை வெளியே போனதும் அறை பெரிதாகத் தெரிந்தது. மார்லிஸ் நடுவில் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டிலை ஜன்னல் பக்கம் வச்சா காத்து அடிக்குமோ?"

"எந்தத் தொட்டில்?"

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே திரும்பினாள். க்ளைட் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று வெளியே போய்விட்டான்.

"ஓரின். ஜோலினுக்கு நவம்பர்ல குழந்தை பொறக்குது. அந்தப் பையன் விட்டுட்டுப் போயிட்டான். அவ இங்க வந்து இருக்கப்போறா. மே மாசம் இதே இடத்துல நின்னு சொன்னேன். உனக்குச் சந்தோஷமான்னு கேட்டேன். ரொம்பன்னு சொன்னே."

"நான் எண்ணிக்கிட்டிருந்தேன்," என்றேன்.

அவள் கத்தவில்லை. "அவகிட்டயும் சொல்லிட்டேன். அப்பா ரொம்பச் சந்தோஷப்பட்டாருன்னு. ஒரு தடவகூடக் கூப்பிடலயேன்னு அவ அழுதா. வேலையா இருப்பாருன்னு சொல்லி வச்சேன். நாலு மாசமா சொல்லி வச்சேன்."

அப்படியென்றால் அந்தப் பந்தயத்துக்கு ஏன் கை கொடுத்தாய், ஒருவேளை நான் ஜெயித்திருந்தால்? கேட்டே விட்டேன்.

"நீ சுடுறதை ஒன்பது வருஷமாப் பாக்குறேன் ஓரின்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு, க்ளைட்டுக்கு, ரெனேவுக்கு. ஏப்ரலில் க்ளைட் கேட்டாரே, சுடும்போது என்னத்தைப் பார்க்கிறாய் என்று. யாரோ ஒருவர் ஊசிக்குத் துள்ளியதைப் பரிதாபம் என்று எழுதியிருக்கிறேன் இந்த நோட்டில். நான் துள்ளுவதை எழுதவில்லை.

ஜோலினைக் கூப்பிட்டேன். மூன்று தடவை மணியடித்தபின் எடுத்தாள். நான் அழுதுவிட்டேன், அவள்தான் சமாதானம் சொன்னாள்.

செப்டம்பர் 29

அந்த அறையின் தரையை நான்கு தடவை கழுவினேன். ஒன்பது வருஷத்து ஈயத் தூசி. கம்பளத்தைக் கிழித்து எறிந்தாயிற்று. சுவருக்கு வெள்ளைச் சாயம். ஜன்னல் அடைப்பை எடுத்தேன். வெளியே ஒரு ஆப்பிள் மரம் இருக்கிறது, மறந்தே போயிருந்தேன்.

அக்டோபர் 12

ஜோலின் வந்தாள். என்னைவிட அகலமாக இருக்கிறாள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, மரத்தொட்டில் எந்தப் பக்கமும் சாயல, எப்படி இவ்வளவு நேராப் பொருத்தினீங்க?" என்றாள். ஊசிமானி வைத்துப் பொருத்தினேன் என்று சொல்லவில்லை. மார்லிஸ் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் மார்லிஸ் என்னை நேரே க்ளைட்டின் நிலத்துக்கு ஓட்டிப்போனாள். பத்துத் தோட்டாக்களை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல சிலது நிஜம். சிலது பொம்மை. காரேஜ்ல நானே செஞ்சேன், க்ளைட் சொல்லிக்கொடுத்தாரு. எது எதுன்னு சொல்ல மாட்டேன். நீ அந்தப் பக்கம் பாரு, நான் உள்ள போடுறேன்."

"இது எதுக்கு?"

"ஊசியை மறைச்சுத்தானே நீ போடுவே?"

ஆறு பொம்மை இருந்தது. ஆறு தடவையும் நான் வெடித்தேன். ஆறாவது தடவை க்ளைட் லாரிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்.

அக்டோபர் 27

பத்தில் ஐந்து பொம்மை. நாலு தடவை துள்ளினேன்.

நவம்பர் 3

காரேஜில் பத்து டிகிரி ஃபாரன்ஹீட், உறையும் குளிர். தராசில் எண் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அலைந்தது. க்ளைட்டின் கரண்டியைக் கடன் வாங்கினேன். இதை யாரும் படிக்கக் கூடாது.

நவம்பர் 10

ஐந்தில் ஒரு தடவை. அதுவும் கொக்கு பறந்ததால்.

நிஜத் தோட்டாக்கள் ஐந்தும் நடுவட்டத்தில். எந்த வகுப்புக் கூடு என்று கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்? டப்பாவுல கை விட்டு எடுத்தேன்," என்றாள் மார்லிஸ்.

நவம்பர் 17, ஞாயிறு

காலை ஏழு நாற்பதுக்குப் பெண் குழந்தை. ஜோலின் நன்றாக இருக்கிறாள்.

நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தினாள். அது கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது, எண் ஓடிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை அவள் காத்திருக்கக்கூட இல்லை. "ஏழு பவுண்டு நாலு அவுன்ஸ்னு வச்சுக்கலாம்," என்று எழுதிவிட்டுத் துண்டைச் சுற்றினாள். வைத்துக்கொள்ளலாமாம். ஐம்பதாயிரத்து எழுநூற்று ஐம்பது கிரெயின். இருநூறு இப்படி அப்படி இருக்கும். மறுபடி நிறுக்கச் சொல்லவில்லை.

என் கையில் கொடுத்தார்கள். முகத்துக்கு அரையடி தூரத்தில், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், அறையே அதிரும்படி வீறிட்டாள். மார்லிஸ் குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடல," என்றாள் ஜோலினிடம். "ரெண்டு கண்ணும் திறந்துதான் இருக்கு."